மின்சாரம் தசையை அசைக்கும். நடக்கப் பழக்குவது யார்?

எமது கிராமங்களிலும், சொந்தக் காணிக்குத் திரும்ப வழியின்றி உறவினர் வளவுகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வாழ்ந்துவரும் கமக்காரக் குடும்பங்கள் மத்தியிலும், ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "கரண்ட் பிடிச்சால் சரிவருமாம்." பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப் போன தகப்பனுக்கும் இதே ஆலோசனை. பனையால் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மகனுக்கும் இதே ஆலோசனை. எறிகணைச் சிதறல் பட்டுக் கை நரம்பு அறுந்த தாய்க்கும் இதுவே. நோய் மூன்று, மருந்து ஒன்று என்ற நிலை.

தசைகளுக்கு மின் தூண்டல் கொடுக்கும் சிகிச்சையை நாம் எதிர்க்கவில்லை. அது மந்திரமும் அல்ல, ஏமாற்றும் அல்ல. உலகெங்கும் இயன் மருத்துவர்கள் பயன்படுத்தும் நல்ல கருவிகளுள் அதுவும் ஒன்று. எமது கவலை வேறு. அந்தக் கருவி எவருக்கு உதவும், எவருக்கு உதவாது, உதவும் இடத்திலும் எவ்வளவு உதவும் என்பதை எவரும் எமது மக்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை. சொல்லாத காரணத்தால் விதைநெல் விற்பனையாகிறது. கறவை மாடு போகிறது. தோடு அடகுக்குப் போகிறது. காலும் வராமல் மாடும் இல்லாமல் இருக்கும் வீட்டைப் பார்த்தால், மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான் நினைவுக்கு வருகிறது.

வாய்க்கால் எங்கே உடைந்தது?

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் கமக்காரன் முதலில் என்ன செய்கிறான்? இயந்திரம் வாங்க ஓடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் எங்கே உடைந்தது என்று வரம்பு வழியே நடந்து பார்க்கிறான். உடம்பிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

மூளையைக் குளம் என்று வைத்துக் கொள்வோம். முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் பிரதான வாய்க்கால். அதிலிருந்து பிரிந்து கைக்கும் காலுக்கும் செல்லும் நரம்புகள் கிளை வாய்க்கால்கள். தசையே வயல். "காலைத் தூக்கு" என்ற கட்டளை குளத்திலிருந்து புறப்பட்டு, பிரதான வாய்க்கால் வழியே வந்து, கிளை வாய்க்காலால் வயலை அடைகிறது.

பாரிசவாதத்தில் பழுது குளத்துத் துருசில். மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமலோ இரத்தம் கசிந்தோ அப்பகுதி கெட்டுப் போகிறது. ஆனால் கிளை வாய்க்காலும் வயலும் நன்றாகவே உள்ளன. முள்ளந்தண்டு முறிந்து முண்ணாண் சேதமடைந்தவருக்குப் பிரதான வாய்க்கால் உடைந்திருக்கிறது. உடைப்புக்குக் கீழேயுள்ள கிளைகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. கை நரம்போ கால் நரம்போ அறுந்தவருக்குக் கிளை வாய்க்காலே இல்லை.

மின் தூண்டல் கருவி செய்வது, கிளை வாய்க்காலில் ஒரு சிறிய பம்பை வைத்து இறைப்பது போன்ற வேலை. தோலில் ஒட்டும் இரண்டு தகடுகள் வழியாகச் சிறு மின் துடிப்புகள், பெரும்பாலும் செக்கனுக்கு 20 முதல் 50 வரை, நரம்பைத் தட்டுகின்றன. நரம்பு தசைக்குச் சொல்கிறது, தசை சுருங்குகிறது. சாதாரண கருவி தசையை நேரே தூண்டுவதில்லை, நரம்பையே தூண்டுகிறது என்பதை மனதிற் கொள்ள வேண்டும். எனவே முதல் இரு வகையினருக்கும் அது தசையை அசைக்கக் கூடும். மூன்றாம் வகையினருக்கு, கிளை வாய்க்கால் தூர்ந்து போனதால், சாதாரண கருவியால் பயனில்லை. நீண்ட துடிப்புகள் தரும் வேறு கருவி வேண்டும். அதனால் நிலையான நன்மை உண்டா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நரம்பு அறுந்தவருக்கு முதலில் வேண்டியது சத்திரசிகிச்சை வைத்தியரின் பார்வை. தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதமே வளரும். முழங்கைக்கு அருகே அறுந்தால் மணிக்கட்டை எட்டவே 25 சென்ரிமீற்றர் அளவு போக வேண்டும். அதாவது 250 நாட்கள், எட்டு மாதத்துக்கு மேல். இந்தக் கணக்கை அறியாதவர் இரண்டாம் மாதத்திலேயே மனம் உடைந்து விடுவார். அல்லது யார் எதைச் சொன்னாலும் பணம் கட்டுவார்.

பழைய பாடம் ஒன்று

இந்த ஆசை இன்று தோன்றியதல்ல. அமெரிக்காவில் மின்சாரத்தை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினிடம், பெனிசில்வேனியாவின் பல பகுதிகளிலிருந்தும் பாரிசவாதக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் நாள்தோறும் அவர்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார். 1757 இல் லண்டனில் இருந்த வைத்தியர் ஜோன் பிறிங்கிளுக்கு எழுதிய கடிதத்தில் தாம் கண்டதை ஒளிக்காமல் எழுதினார். முதல் நாட்களில் கைகால்களில் சூடும் சிறிது பலமும் தெரிந்தன. ஐந்தாம் நாள் அளவிலே முன்னேற்றம் நின்றது. நோயாளர் மனம் தளர்ந்து வீடு திரும்பினர். சில நாட்களில் பழைய நிலைக்கே வந்தனர். நிலையான நன்மையைத் தாம் காணவில்லை என்றார். இன்னொன்றும் சேர்த்தார்: கிடைத்த சிறு நன்மைகூட மின்சாரத்தால் வந்ததா, நாள்தோறும் வெளிக்கிட்டு வந்துபோன உடலசைவாலும் குணமாகலாம் என்ற நம்பிக்கையாலும் வந்ததா என்பது தமக்குத் தெரியாது என்றார். மின்சாரத்தில் புகழ்பெற்றவரே இப்படி எழுதினார் என்பது எமக்கு ஒரு பாடம்.

அதன் பிறகு அறிவு வளர்ந்தது. இத்தாலியில் கல்வானி, தவளைக் கால் மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றிய தமது ஆய்வை 1791 இல் வெளியிட்டார். பிரான்சில் டுஷென் என்ற வைத்தியர் ஒவ்வொரு தசையாகத் தூண்டிப் பார்த்து, 1855 இல் பெரிய நூலொன்றை எழுதினார். 1961 இல் லிபர்சன் என்பவரும் அவரது குழுவினரும், பாரிசவாதத்தால் பாதம் தொங்குபவர்களுக்கு ஒரு வழி கண்டனர். சப்பாத்தின் குதியில் ஒரு சுவிச். குதி நிலத்தை விட்டு எழும்போது மின் துடிப்பு போய்ப் பாதத்தைத் தூக்கும். பிரித்தானியாவில் நைஸ் என அழைக்கப்படும் நிறுவனம், பாதம் தொங்குபவர்களின் நடையை இம்முறை சீராக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டென 2009 இல் ஏற்றுக்கொண்டது.

அதே நிறுவனம் 2013 இல் வெளியிட்ட பாரிசவாத வழிகாட்டல், கை விடயத்தில் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. கைக்கும் புயத்துக்கும் மின் தூண்டலை வழமையாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்றது. தசை சற்றுச் சுருங்குவது தெரிந்தும் எதிர்ப்பை மீறிக் கையை அசைக்க முடியாதவர்களுக்கு மட்டும் பரீட்சார்த்தமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. பணமும் கருவியும் தாராளமாக உள்ள நாட்டிலேயே இப்படித் தெரிந்தெடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால், எமது வீடுகளில் எல்லோருக்கும் ஒரே கரண்ட் என்பது எப்படி நியாயமாகும்?

கருவி செய்வதும் செய்யாததும்

முழங்காற் சத்திரசிகிச்சைக்குப் பின் தொடைத் தசை உறங்கிப் போனவருக்கு அதை மீண்டும் எழுப்ப மின் தூண்டல், பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால், துணை செய்யும். பாரிசவாதம் வந்த புதிதில் தோள்மூட்டு இறங்குவதைக் குறைக்கவும் உதவலாம். கடும் வருத்தத்தால் பாயோடு கிடப்பவரின் தசை கரைந்து போவதைத் தணிக்கவும் பயன்படுத்துகிறார்கள். இவை மெய்யான நன்மைகள்.

ஆனால் கருவியால் அசையும் தசைக்கும் மனிதன் தானே அசைக்கும் தசைக்கும் வேறுபாடு உண்டு. நாமாகக் காலை நீட்டும்போது தசை நார்கள் முறை வைத்து வேலை செய்கின்றன. ஒரே வாய்க்காலில் கமக்காரர் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, சில உழைக்கச் சில ஆறுகின்றன. கருவியோ ஒரே நார்களை ஒரே நேரத்தில் இழுக்கிறது. ஆகவே தசை விரைவில் களைத்து விடும். அதனால்தான் பயிற்சி பெற்றவர், சில செக்கன்கள் தூண்டி, அதைவிடக் கூடிய நேரம் ஓய்வு விட்டு நடத்துகிறார். அத்துடன், கருவி இழுக்கும் அதே கணத்தில் நோயாளரும் தன் மனதால் முயல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். அந்த முயற்சியால்தான் மூளை மறுபடி கற்கிறது. கண்ணை மூடிப் படுத்திருக்க, யாரோ இயந்திரத்தைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், தசை துடிக்கும். மூளை ஒன்றும் கற்காது.

இன்னொரு மயக்கமும் உண்டு. சந்தையில் விற்கும் சிறு பெட்டிகளிற் பல, ரென்ஸ் எனப்படும் நோத் தணிக்கும் கருவிகள். அவை நோவைச் சற்று மறக்கச் செய்யலாம். தசைக்குப் பலம் கொடுப்பதற்கானவை அல்ல. இரண்டும் ஒன்றென நினைத்து வாங்குவோர் பலர்.

முண்ணாண் சேதமடைந்த சிலர் மின் தூண்டலால் நடந்தார்கள் என்ற செய்தியை எமது இளைஞர் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பார்கள். செய்தி உண்மை. 2018 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் அதை அறிவித்தார்கள். ஆனால் அங்கே சத்திரசிகிச்சை செய்து முண்ணாணின் மேலேயே கருவியைப் பதித்தார்கள். அதன்பின் பல மாதங்கள் கடும் நடைப்பயிற்சி கொடுத்தார்கள். தோலில் தகடு ஒட்டும் சிகிச்சைக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான். அந்தப் படத்தைக் காட்டி இந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவது அநியாயம்.

ஆபத்தை அறிந்து கொள்வோம்

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர் வைத்தியரின் அனுமதியின்றி இச்சிகிச்சை பெறக்கூடாது. கர்ப்பிணியின் வயிற்றிலும் இடுப்பிலும், எவருடையதானாலும் கழுத்தின் முன்புறத்திலும், நெஞ்சுக்குக் குறுக்கேயும், புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும், இரத்தம் கட்டியுள்ள காலிலும் தகடு வைக்கலாகாது. வலிப்பு நோய் உள்ளவர் முதலிலேயே சொல்ல வேண்டும்.

எமது மக்கள் இரண்டு விடயங்களில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, உணர்வில்லாத தோல். முண்ணாண் பாதிக்கப்பட்டவருக்குச் சுட்டாலும் தெரியாது. தகட்டின் கீழே புண் வந்த பின்தான் வீட்டார் காண்பார்கள். மற்றையது, உடம்பில் தங்கியுள்ள எறிகணைத் துண்டுகள். எமது ஊர்களில் எத்தனையோ பேர் அவற்றைச் சுமந்துகொண்டே நடமாடுகிறார்கள். சிகிச்சைக்குப் போகும்போது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சில வகை மின்னோட்டம் தோலுக்கு அருகிலுள்ள உலோகத்தால் சூட்டுப்புண்ணை ஏற்படுத்தலாம். சிற்றலை வெப்ப சிகிச்சை என்று வேறொன்று உண்டு. அதுவும் மின் இயந்திரமே. உலோகத் துண்டு உள்ள இடத்தில் அதைக் கொடுத்தால் துண்டு சூடாகி உள்ளே சதையை எரித்துவிடும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

1990 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் எமது மக்கள். அந்தக் கெட்டித்தனம் பெருமைக்குரியது. ஆனால் உழவு இயந்திரத்துப் பற்றரியிலோ வீட்டு மின் இணைப்பிலோ கம்பி இழுத்து மனித உடம்பில் பரீட்சை பார்ப்பதற்கு அது வழியாகக் கூடாது. அது உயிரைக் கொண்டு போகும்.

மீதி 167 மணித்தியாலம்

ஒரு சிகிச்சை 20 நிமிடம். கிழமைக்கு மூன்று முறை போனால் 1 மணித்தியாலம். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலங்கள். மீதி 167 மணித்தியாலத்தை யார் பார்ப்பது? எமது கருத்தின் மையம் இந்தக் கேள்விதான்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனுக்குப் பாரிசவாதம். பலமுறை இடம்பெயர்ந்து, கடைசியில் கொஞ்சக் காணியைத் திருத்தி எழும்பிய நேரம். நகரத்தில் ஓரிடத்தில் கரண்ட் பிடிக்கக் கறவை மாட்டை விற்றார்கள். பஸ்ஸில் போய்வர அரை நாள். துணைக்குப் போன மகளுக்கு அந்த நாட்களில் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. களைத்து வருகிறாரே என்று வீட்டாரும் அவரைப் படுக்க விட்டார்கள். மூன்று மாதத்தில் தோள் இறுகிக் கை தூக்கினால் நோ. குதி மேலேறிப் பாதம் இறுகிப் போனது. பின்னர் அரசாங்க வைத்தியசாலையில் ஓர் இயன் மருத்துவர், மனைவியையும் மகளையும் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். அவர் இன்று பொல்லு ஊன்றிப் படலை வரை நடக்கிறார். கை முழுதாக வரவில்லை. ஆனால் அந்த நடையை அவருக்குக் கொடுத்தது அந்த வீட்டின் நாளாந்த உழைப்பு. மாட்டை விற்ற பணம் அதைக் கொடுக்கவில்லை.

வீட்டார் செய்யக் கூடியவை எவை? உணர்வில்லாமல் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல். முதுகும் குதியும் சிவந்துள்ளனவா என்று தினமும் பார்த்தல். அசையாத ஒவ்வொரு மூட்டையும் நாளாந்தம், நோகப் பண்ணாமல், மெதுவாக முழு அளவுக்கு அசைத்தல். தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதிருத்தல். இருக்கத் தொடங்கியவரைக் கதிரையிலிருந்து எழும்பி இருக்கப் பழக்குதல். ஒரு முறை பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை என்று மெல்ல மெல்லக் கூட்டுதல். கைக்கு வேலை கொடுத்தல். கச்சான் உடைத்தல், பயறு பொறுக்குதல், கயிறு திரித்தல், இயன்றவரை கிடுகு பின்னுதல் யாவும் பயிற்சிகளே. பத்துத் தடவை செய்ததை நூறு தடவை செய்யும்போதுதான் மூளை பாதையைக் கண்டுபிடிக்கிறது.

இடம்பெயர்ந்த குடும்பம் இங்கேதான் இரட்டை நட்டம் அடைகிறது. வளவும் தோட்டமும் இருந்தபோது, வருத்தக்காரரும் கோழிக்குத் தீன் போட்டார், மிளகாய் ஆய்ந்தார், கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டார். காணியை இழந்தவர்கள் வருமானத்தோடு கைகால் அசையும் நாளாந்தக் கருமங்களையும் இழந்தார்கள். கொட்டிலின் மூலையில் கட்டில் போட்டு ஒருவரை இருத்திவிட்டால், நோயை விட இருப்பே அவரை முடமாக்கும். ஆகவே வருத்தக்காரருக்கு ஒரு சிறு வேலையும், அதைச் செய்ய ஒரு சிறு இடமும் கண்டுபிடித்துக் கொடுப்பது அன்பு மாத்திரமல்ல, அது சிகிச்சை.

கேட்க வேண்டிய கேள்விகள்

கரண்ட் பிடிக்கச் சொன்னால் ஐந்து கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எந்தத் தசைக்கு, எந்த நோக்கத்துக்கு? எத்தனை கிழமைக்கு? முன்னேற்றம் வந்ததா என்று எதை வைத்து அளப்பீர்கள்? வராவிட்டால் எப்போது நிறுத்துவோம்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? நல்ல இயன் மருத்துவர் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் காசு கட்ட வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் பொறுப்பு முழுவதையும் வீட்டார் தலையில், அதிலும் பெண்கள் தலையில், சுமத்திவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அரை நாள் பஸ்ஸில் போக வேண்டியிருப்பதால்தான் மக்கள் பாதியில் விடுகிறார்கள். பக்கத்தில் ஒன்றும் இல்லாததால்தான் விளம்பரத்தை நம்புகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26 ஆவது உறுப்புரை, புனர்வாழ்வுச் சேவைகள் கிராமப்புறம் உட்பட, மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் கிடைக்க வேண்டும் என்று கூறுகிறது. இது எவரும் இரங்கித் தரும் பிச்சை அல்ல. நாடு ஒப்பமிட்டுக் கொடுத்த வாக்கு.

ஆகவே கமக்கார அமைப்புகளும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பசளைக்கும் வாய்க்கால் திருத்தத்துக்கும் மனுக் கொடுப்பது போல இதற்கும் மனுக் கொடுக்க வேண்டும். அண்மையிலுள்ள சிறிய வைத்தியசாலைக்கு மாதத்தில் குறித்த நாட்களிலாவது இயன் மருத்துவர் வர வேண்டும். வரும் நாளில் வீட்டாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். மின் தூண்டலால் பயன் உண்டென்று பரீட்சித்துக் கண்டவருக்கு, சிறு கருவியை இரவலாகக் கொடுத்து, பாவிக்கும் முறையையும் பழக்க வேண்டும். இவற்றை எழுத்தில் கேட்டு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் இன்னொன்றும் பேசலாம். எமது ஊரில் பாயோடு கிடப்பவர் எத்தனை பேர்? அவர்களைப் பார்ப்பவர்கள் யார்? பார்ப்பவருக்குக் கிழமையில் ஒரு பின்னேரம் ஓய்வு கொடுக்க அயலவர் இருவர் முன்வர முடியுமா? நாற்று நடவுக்கு முறை வைத்து உதவிய ஊருக்கு இது புதிய பழக்கமல்ல. அந்தப் பெயர்ப் பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு முன்னரே எழுதத் தொடங்கலாம்.